கடல்மட்டத்துக்கு மேலே தொள்ளாயிரத்து இருபது மீட்டர்

லிங்கராஜபுரம், இரண்டாம் மாடி.
ஓனர் முனிவெங்கடப்பா
காலால் தரையைத் தட்டிப் பார்த்தார்.
"எஷ்டு தூக்க?"
நானூறு கிலோ என்றேன்.
ஒரு கட்டில், இரண்டு பீரோ, துணிமணி என்று
அவருக்கு விளங்கும்படி பிரித்துச் சொன்னாள் ஜெசிந்தா.
பீம் ஓடும் சுவரோரம் மட்டும் அனுமதி.

கே.ஜி.எஃப். பிள்ளைகள் நாங்கள்.
பூமிக்குள் எவ்வளவு ஆழம் போகலாமென்று தெரியும்.
கடலை நான் தொட்டது இருபத்தாறு வயதில்,
ஆபீஸ் டூரில், பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு.

எங்கள் கடல் பக்கெட்டில் வந்தது, வெள்ளைப் பொடியாக.
லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம்.
காவிரித் தண்ணீர் ஆகாது, டேங்கர் தண்ணீர் ஆகவே ஆகாது.
வடிகட்டியில் ஒரு குடம் சொட்டுவதற்குள்
மூன்று குடம் வெளியே போகும்.
அந்த மார்ச்சில் தெருவே குடத்தோடு வரிசையில் நின்றது.
வெளியே போனதைப் பிடித்துத் துணி துவைத்தோம்,
படிக்கட்டு கழுவினோம்,
கீழ்வீட்டுத் தபஸுமின் ஸ்கூட்டருக்கும் கொடுத்தோம்.
அப்படியும் அந்த வரிசையைக் கடக்கையில்
நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பிறகு ஆறு வாரம் ஒன்றுமில்லை.
கல், மணல், உப்புநீர்,
அழுகவிட்ட ஒரே ஒரு இறால்.
வந்தவர்களெல்லாம் மீன் எங்கே என்றார்கள்.
சோதனைக்குழாயில் பச்சை. மறுவாரமும் பச்சை.
கல்லெல்லாம் பழுப்பு, துருப்பிடித்த மாதிரி.
கண்ணுக்குத் தெரியாத எவையோ குடியேறி
விஷத்தைத் தின்று பெருகிக்கொண்டிருந்தன.
ஒருநாள் மஞ்சள்.
வெறும் மஞ்சளுக்கு நாங்கள் கேக் வாங்கினோம்.

அவளுக்கு ஐ.சி.யூ.வில் இரவுப்பணி, எனக்குப் பகல்.
தொட்டிக்காலில் நூல்கட்டித் தொங்கும் நாற்பது பக்க நோட்டு.
"உப்பு 1.025. கால்சியம் 410. ரசம் ஃப்ரிட்ஜில்."
"அலைமோட்டார் சத்தம் போடுகிறது. கேஸ் புக் பண்ணு."
"ஹேமர் பவளம் விரியவில்லை. எனக்குக் கோபமில்லை."
சில வாரங்களில் நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

ஆவியாவது தண்ணீர் மட்டும்.
உப்பு எங்கும் போவதில்லை.
இது தெரியாமல் முதல் மாதம்
குறையக் குறைய உப்புநீரையே ஊற்றி
ஒரு நத்தையைக் கொன்றேன்.
நோட்டில் நான் அதை எழுதவில்லை.
அவள் எழுதியிருந்தாள்.

மே மாதம். ஆலங்கட்டி. தெருமுனையில்
மழைமரம் சாய்ந்து டிரான்ஸ்ஃபார்மர் போனது.
யூ.பி.எஸ். இரண்டு மணிநேரம் கத்திவிட்டு ஓய்ந்தது.
அலை நின்ற கடலை அன்றுதான் பார்த்தேன்,
டார்ச் வெளிச்சத்தில், கண்ணாடி போல.
கோமாளிமீன் ஒன்று மேலே வந்து வாய்திறந்தது.
குளியலறை மக்கை எடுத்தேன்.
மொண்டு உயரத்தூக்கி ஊற்றினேன்.
மொண்டேன். ஊற்றினேன்.

போனில் ஜெசிந்தா: "எத்தனை தடவை?"
எண்ணவில்லையே.
"எண்ணு. எண்ணினால் தூக்கம் வராது."
அவளுக்குப் பின்னால்
யார் யாருக்காகவோ மூச்சுவிடும் மெஷின்கள்
ஜெனரேட்டரின் தயவில்
ஒரே சீராய்.

ஆயிரத்து எழுநூறுக்குமேல் கணக்கு குழம்பியது.
நாலேகாலுக்கு ஃப்ரிட்ஜ் உதறிக்கொண்டு எழுந்தது,
பிறகு பம்ப், பிறகு நுரை, பிறகு அலை.
சோபாவில் விழுந்தேன்.

கண்விழித்தபோது அவள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்,
யூனிஃபார்ம் மாற்றாமல்.
முழங்கை வரை என் தோலில் உப்பு பூத்திருந்தது.
நோட்டில்:
"உப்பு 1.025. வெப்பம் 27. பேட்டரி வாங்கணும்.
ஒரு மீன்தான் தெரிகிறது.
இன்னொன்றைக் கல்லுக்குப் பின்னால் பார்.
எனக்குப் பார்க்கத் தைரியமில்லை."

பார்த்தேன்.
கீழே "இருக்கிறது" என்று எழுதி
தேதி போட்டுவிட்டு
ஆபீசுக்குக் கிளம்பினேன்.